முருகையன் நிலத்துக்கு ஒரு வண்டிப் பாதை

வெள்ளையம்மாள் எங்கள் ரேஞ்ச் ஆபீசுக்கு சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் இறங்கவில்லை. ஆபீஸ் வாசலில் மூன்று படிகள் உண்டு. அவற்றை மலையை அண்ணாந்து பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உள்ள யாரு கீறீங்க? கொஞ்சம் வெளிய வாங்க சாமி!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு, ரோட்டில் போய்க்கொண்டிருந்த செங்கம் பஸ் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டது. ஆபீசில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் வெளியே வந்தோம். ரேஞ்சர் பலராமன், டிரைவர் சுப்பிரமணி, கிளார்க்காகிய நான், சுவரில் இருந்த பல்லி எல்லோரும்.

இது எண்பத்திரண்டில். அப்போது எங்களுக்கு ஜில்லா வேலூர். திருவண்ணாமலையில் காட்டிலாகாவுக்கு என்று இருந்தது ஒரு ஓட்டுக் கட்டடமும் ஒரு ஜீப்பும்தான். அந்த ஜீப் இரண்டாம் உலகப் போரில் தோற்ற கட்சிக்காக ஓடியது என்பது என் துணிபு. பிரேக் பிடித்தால் அது நிற்கும். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதுவேதான் தீர்மானிக்கும்.

"நான் முருகையன் பொண்டாட்டி," என்றாள் வெள்ளையம்மாள். "உங்க காட்டுக்கு நடுவுல எங்க நெலம் கீது. எங்க வூட்டுக்கு வண்டி வர்ற மாதிரி வழி வேணும்."

ரேஞ்சர் ரிக்‌ஷாவின் பக்கத்தில் போய் நின்றார். "நடந்து போறதுக்கு வழி இருக்கேம்மா. உங்க மாமனார் காலத்துலருந்து இருக்கு."

அவள் புடவையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு ஒருவருடைய கால்போல வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. புல்லுக்கட்டோடு பாறையில் சறுக்கி விழுந்தாளாம். கட்டிலில் போட்டு ஆறு பேர் கீழே தூக்கி வந்தார்கள். பச்சிலைக் கட்டுக்கும் அது மசியவில்லை, மாவுக்கட்டுக்கும் மசியவில்லை. அன்றிலிருந்து டவுனில் தம்பி அருணகிரி வீட்டில் இருக்கிறாள். மூன்று வருஷமாகப் புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவன் தலைச்சுமையோடு இறங்கி வருவான். மச்சான் வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலையேறிவிடுவான்.

"திரும்பக் கட்டில்லயே தூக்கிட்டுப் போகலாமே?" என்று கேட்டது சுப்பிரமணி. டிரைவர்களுக்கு எதற்கும் ஒரு வழி தோன்றும்.

"ஒருக்கா கட்டில்ல எறங்குனதே போதும்ப்பா. வழியில பாத்தவங்கல்லாம் செருப்பக் கழட்டிட்டு ஓரமா நின்னாங்க. ஒரு பெருசு கன்னத்துல போட்டுக்கினு, 'நல்ல சாவு'ன்னுச்சு. நான் எழுந்து உட்கார்ந்து, 'நான் இன்னும் சாவல தாத்தா'ன்னேன். அது ஓடுச்சு பாரு!" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். ரேஞ்சர் மட்டும் சிரிக்கவில்லை. திருகியிருந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகையன் நிலத்தின் கதை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. செங்கத்துக்குப் போகும் வழியில், ஆனைப்பாறைக் காட்டைச் சர்க்கார் காடாக்கி எல்லைக்கல் நட்டபோது, நடுவில் அவன் தாத்தா ஆறு ஏக்கரில் சாமையும் கொள்ளும் போட்டுக்கொண்டிருந்தார். அளக்க வந்த துரை நல்லவர். அந்த ஆறு ஏக்கரைப் பட்டாவாக எழுதி, அதைச் சுற்றித் தனியாகக் கல் நட்டுவிட்டுப் போனார். வரைபடத்தில் பார்த்தால் பச்சைத் தோசைக்கு நடுவில் ஒரு ஓட்டை போல இருக்கும். நிலத்தை விட்ட துரை, வழியை விட மறந்தார். தலைச்சுமையோடு நடந்து போகலாம் என்று மட்டும் ஒரு வரி. வண்டி என்ற சொல் அதில் இல்லை. ஒருவேளை துரை நடந்து வந்திருப்பார், குதிரைக்கு அன்று வயிற்றுப்போக்காக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் முன்னால் அவள் வந்திருந்தால் ரேஞ்சர் ஒரு கடிதம் எழுதி, மேலே ஒருவர் தலையாட்டி, காரியம் முடிந்திருக்கும். இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. சர்க்கார் காட்டில் ஒரு முழம் இடத்தை வேறு எதற்குக் கொடுப்பதானாலும் டில்லி வரைக்கும் போக வேண்டும். அதற்கு முன் நாங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: எத்தனை மரம் போகும், ஓடை எங்கே குறுக்கிடும், எந்தப் பிராணி எங்கே தண்ணீர் குடிக்கும், மழையில் எவ்வளவு மண் அரிக்கும். எல்லாவற்றையும் எழுதி, இந்தப் பாதையால் காட்டுக்குக் கெடுதல் உண்டா இல்லையா என்று அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்குப் பலராமனைவிடப் பொருத்தமான ஆள் பூமியில் இல்லை. தோளில் இடித்த கிளையிடம் மன்னிப்புக் கேட்கிறவர் அவர். ஒருமுறை அவர் வழியில் ஒரு கரையான் புற்று இருந்தது. அதை மிதிக்காமல் இருக்க ஊர் எல்லை வரைக்கும் சுற்றிக்கொண்டு வந்தார் என்று நான் சொன்னால், சரசு, அதாவது என் மனைவி, "ஊர் எல்லை இல்ல, நாலு அடி" என்பாள். நாலு அடி சுற்றுகிறவர்களே அபூர்வம் என்பது என் கட்சி.

நாங்கள் மூவருமாகக் கிளம்பிப் போனோம். அடிவாரத்தில் ஜீப் வழக்கம்போல் தானே தீர்மானித்து நின்றது. அங்கிருந்து மூன்று மைல். முருகையன் காத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதன். மூன்று வருஷமாகத் தனியாக இருந்ததில் அவனுக்குக் குரலே உள்ளே போயிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோலத் தொண்டையிலிருந்து சொல்லை இழுத்தான்.

ரேஞ்சர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்தார். ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருக்கிறதா என்று பார்த்தார். உசிலைக்கு வலப்பக்கம், வேங்கைக்கு இடப்பக்கம், இன்னும் இரண்டு வேங்கை மரங்களுக்கு நடுவே வண்டியின் அச்சு நுழையுமா என்று என்னை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அன்று நான் மாட்டு வண்டியாக நடந்த தூரத்துக்கு எனக்கு லாடம் அடித்திருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல வரைந்த பாதை, வயிற்றுவலி வந்த பாம்புபோல் இருந்தது. ஆனால் அதன் அழகு என்ன தெரியுமா? நிலத்தை எட்டும்வரை ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை. இடையிடையே இருந்த முட்புதரைச் சீவினால் போதும்.

"இதுதாம்ப்பா நம்ம பலம்," என்றார் ரேஞ்சர் முருகையனிடம். முகமெல்லாம் பிரகாசம். "ஒரு மரமும் போகாத பாதை! டில்லியில எவன் வேணாம்னு சொல்லுவான்? வேலூர்லருந்து பெரிய ஆபீசர் வந்து ஒரு தடவை பார்க்கணும். அதுவரைக்கும் நீ ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாது. முள்ளைக்கூடத் தொடாத. காடு இப்படியே இருக்கணும். புரியுதா?"

"கத்தியையே பரண் மேல போட்டுர்றேன் சார்," என்றான் முருகையன்.

அவன் வீட்டில்தான் தொல்லை ஆரம்பித்தது. அப்போது அது தொல்லை என்று தெரியவில்லை. மண் சுவர், புல் கூரை. வாசலில் கோலம் கிடையாது. அடுப்பின் சாம்பல் வாசல் வரைக்கும் நடந்து வந்திருந்தது. ஆபீசர் வீட்டுக்கு வந்துவிட்டார், சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப முடியுமா? முருகையன் களி கிண்டினான். அந்தக் களியால் வேலூர்க் கோட்டைச் சுவரில் விரிசல் அடைக்கலாம். ரேஞ்சர் ஒரு உருண்டையை முழுதாக விழுங்கி, கண்ணில் நீரோடு, "நல்லா இருக்கு" என்றார். முருகையன் தலையைக் குனிந்துகொண்டான். "பொம்பள இல்லாத வூடு சார்," என்றான். எங்களை வழியனுப்ப எல்லைக்கல் வரைக்கும் வந்தவன் அதையே இன்னொரு தரமும் சொன்னான்.

இந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமை சந்தையோடு இறங்கி வெள்ளையம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அப்போது ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே சமைப்பாள். காரம் போடாத சாம்பார் என்ற ஒன்றை அங்கே அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைச் சாப்பிட்டுத்தான் அவர்கள் இவ்வளவு சாந்தமாக இருக்கிறார்கள் என்பாள். வேலூர் ஆபீசர் வருகிற தேதியைச் சொல்ல நான் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் கரண்டியை நீட்டினாள்.

"கோதண்டம் சார், என் வூட்டுல களி துன்னீங்களாமே?"

"துன்னோம்மா. இன்னும் செரிக்கல."

"சிரிக்காதீங்க. எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. ஆபீசரு என் வூட்டு வாசப்படிக்கு வராரு, ஒரு சொம்பு தண்ணி குடுக்க நான் இல்ல. வூடு கீதே, வூட்டுக்காரி எங்கன்னு அவுரு கேக்கல. கேக்காதது அவுரு பெருந்தன்மை." கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள். "இன்னொருத்தரு அவருக்கும் மேல பெரியவராமே. அவுரு வரப்பவும் அந்தச் சாம்பல்லயே உட்கார வெக்கிறதா? யாருக்கு வழி கேட்டு மனு போட்டீங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? ஆளே இல்லாத வூட்டுக்கு எதுக்கு வழின்னு எழுதிட மாட்டாரா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த காரமில்லாத சாம்பாரைக் குடித்துவிட்டு, சாந்தமாகத் திரும்பி வந்தேன். கேள்வி கேட்கிறவள் கேள்வியோடு நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலூர் ஆபீசர் வந்த அன்று வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. உயரமான மனிதர். வயிற்றுப்புண் காரணமாக எங்கே போனாலும் பிளாஸ்கில் மோர் கொண்டு வருவார். பேச்சு கம்மி. ரேஞ்சர் ஜீப்பில் வழி நெடுக அவரிடம் தன் பாம்புப் பாதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்ட தகப்பன்கூட அவ்வளவு சந்தோஷமாகப் பேச மாட்டான். "ஒரு மரம் போகாது சார். ஒண்ணுகூட!" பெரியவரும் தலையசைத்தார். "அப்படின்னா நானும் ஆதரிச்சே எழுதறேன், பலராமன்" என்று தெளிவாகச் சொன்னார். நான் பின்சீட்டில் இருந்து என் காதால் கேட்டேன். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அடிவாரத்தில் ஜீப் நிற்கவில்லை. அதுதான் முதல் அதிசயம். வழக்கமாக நிற்கிற இடத்தில் அதன் எதிரே ஒரு ரோடு இருந்தது. அது நேராகப் போனது. சுப்பிரமணி பிரேக்கைக்கூட நினைக்காமல் அதில் ஏற்றிவிட்டான். இரு பக்கமும் பச்சை மணக்க மணக்க வெட்டிப் போட்ட புதர்கள். முள் இல்லை, கல் இல்லை. வேடியப்பன் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது ஊரார் வழியைச் செதுக்கித் தண்ணீர் தெளிப்பார்களே, அப்படிச் செதுக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதற்கு நடுவே, பிசின் வடிய, தரையோடு தரையாக அடிக்கட்டைகள். உசிலை. வேங்கை. நான் கையை விரித்துக்கொண்டு நுழைந்த அந்த இரண்டு வேங்கைகளும்.

 ரேஞ்சர் ஒரு அடிக்கட்டையின் அருகே ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

முருகையன் மேலேயிருந்து ஓடி வந்தான். அவனுக்கு எங்கள் முகங்களைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது. பெரியவர் முன்னால் நடந்து போய்விட, ரேஞ்சர் தாழ்ந்த குரலில், "உன்கிட்ட என்னப்பா சொன்னேன்?" என்றார்.

"சொன்னீங்க சார்."  பிறகு சொல் மொத்தமாக வந்தது. "நேத்து காலைல கோடாலிச் சத்தம் கேட்டுச்சு. எவனோ வெட்றான்னு கத்திக்கினே எறங்கி ஓடினேன், நிறுத்தறதுக்குத்தான் ஓடினேன். பாத்தா மச்சான் அருணகிரி, அவன் கூட்டாளிங்க நாலு பேரு, நாலு நாளாக் கீழ இதே வேலையாம். முன்னால வெட்டிக்கினே வராங்க, பின்னால மாட்டு வண்டி. சுத்திச் சுத்தி வந்தா வண்டி சாஞ்சிரும்னு நேரா வெட்றான். வண்டி மேல அவ உட்கார்ந்திருந்தா சார். மடியில சட்டி பானை வெச்சிக்கினு. என்னப் பாத்து, 'இன்னா மாமா, எதிர்கொண்டு அழைக்க வந்தியா'ன்னா." அடிக்கட்டையைப் பார்த்தான். "எப்படி சார் நிறுத்தறது? மூணு வருசம் ஆச்சு. நானும் கத்திய எடுத்தேன்."

 நான் எவ்வளவோ விஷயங்களைப் பெரிதாக்கிச் சொல்கிறவன். அவன் முகத்தில் அப்போது இருந்ததைப் பெரிதாக்கத் தேவையில்லை. சின்னதாக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

மேலே போனால் அது வேறு வீடு. ஒரே நாளில் வாசல் மெழுகி, மாக்கோலம் போட்டு, சுவருக்குச் செம்மண் பட்டை அடித்திருந்தாள். எல்லைக்கல் பக்கத்தில் இரண்டு நேரான கொம்பு நட்டு மாவிலைத் தோரணம். வாசற்படியில் வெள்ளையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையில் ஆரத்தித் தட்டு. பெரியவருக்கு ஆரத்தி சுற்றினாள், ரேஞ்சருக்குச் சுற்றினாள், எனக்கும் சுற்றினாள். ஜீப்புக்குச் சுற்றப் போனவளை சுப்பிரமணிதான் தடுத்தான். "வாங்க சாமி, என் வூட்டுக்கு வாங்க" என்றாள். 'என் வூட்டுக்கு' என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். அருணகிரி புதுச் சட்டையில் ஓடியாடிக்கொண்டிருந்தான். பாதையை வெட்டியது தான்தான் என்பதைப் பெருமையோடு எல்லோரிடமும் இரண்டு தரம் சொன்னான்.

பெரியவர் தோரணக் கொம்பு ஒன்றின் மேல் விரலால் தட்டினார். "இது என்ன மரம்?"

"நல்ல நேரான கொம்பு சார்," என்றான் அருணகிரி.

எனக்கு உயிர் போனது. அது இளஞ்சந்தனம். அந்த வயதில் அதற்கு வாசனை இருக்காது. டவுன்காரன் அருணகிரிக்கு எங்கே தெரியப் போகிறது? ஆனால் சட்டத்துக்கு வயசு வித்தியாசம் கிடையாது, நேரே ஜெயில். ரேஞ்சர் முன்னால் வந்து, "உசிலை சார்," என்றார். தன் வாழ்நாளில் ஒரு செடியின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ரேஞ்சுல உசிலை இப்படித்தான் இருக்குமோ?" என்றார். பிறகு, "இருக்கலாம்" என்று அவரே சொல்லி, கையை எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு போட்டாள். சாமைச் சோறு, காராமணிக் குழம்பு, சுரைக்காய்ப் பொரியல். ரேஞ்சரால் இலையில் கைவைக்க முடியவில்லை. பெரியவர் பிளாஸ்க் மோரைச் சோற்றில் விட்டுக் கொஞ்சம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"மரம் வெட்டாத பாதைன்னா நான் எழுதியிருப்பேன். இப்ப எழுத முடியாதும்மா. வெட்டின பின்னால அனுமதி கொடுத்தா, நாளைக்கு ஜவ்வாது மலை பூரா முதல்ல வெட்டிட்டு அப்புறம் மனு போடுவாங்க. இந்தப் பாதையை மூடியாகணும். குழி வெட்டி, கன்னு நடணும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க இத்தனை வருஷமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. கெட்ட மனிதர் ஒருவர் கிடைத்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவரைப் பற்றி இந்நேரம் ஊர் சிரிக்க நூறு கதை கட்டியிருப்பேன்.

வெள்ளையம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "அப்ப வண்டி?"

"வண்டி போகாது."

"நான் வந்ததால தானே வெட்டினாங்க?"

 அருணகிரியின் புதுச் சட்டைகூடச் சுருங்கிப்போயிற்று.

குழி வெட்ட ஆள் வருவதற்கு முன் வண்டியைக் கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்று ரேஞ்சர் சொன்னார். அன்று சாயங்காலமே அருணகிரி மாட்டைப் பூட்டினான். "ஏறுக்கா" என்றான். அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜீப்பில் ஏறாமல் நின்றோம். பெரியவர் மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போடா. நான் வரல."

"அக்கா, விளையாடாத. வழிய மூடிட்டா அப்புறம் எறங்கவே முடியாது."

"எறங்கி?"

முருகையன் அவள் பக்கத்தில் போய்க் குந்தினான். அவன் அவளிடம் பேசி அன்றுதான் நாங்கள் கேட்டோம். "போயிடு புள்ள. ஒடம்புக்கு ஒண்ணு வந்தா இங்க நான் ஒருத்தன் இன்னா பண்ணுவேன்?"

"வந்தா பாத்துக்கலாம். மூணு வருசமா டவுன்ல ஒடம்புக்கு ஒண்ணுமே வரலியே, அதனால நான் நல்லா இருந்தேனா?" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் இங்கருந்து எறங்கும்போது கட்டில்லயே எறங்கிக்கிறேன் சார். அப்ப செருப்பக் கழட்டிட்டு நின்னாங்கன்னா சரியாத்தான் இருக்கும்."

அதைச் சொல்லிவிட்டும் அவள்தான் முதலில் சிரித்தாள். இந்தத் தடவை கூடச் சிரிக்க ஆள் இல்லை.

காலி வண்டி இறங்கியது. ரேஞ்சர் ஜீப்பில் ஏறவில்லை. வண்டியின் பின்னாலேயே அடிவாரம் வரைக்கும் நடந்தார். காலி வண்டிக்குச் சத்தம் ஜாஸ்தி. ஒவ்வொரு கல்லிலும் அது எழும்பி விழுந்தது காடு முழுக்கக் கேட்டது.

குழி வெட்டினார்கள். அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முருகையன் நிலத்து எல்லைக்கல்லுக்கு முன்னால் ஒன்று. ஓரத்துப் பாறை மேல் கால் வைத்து ஒரு ஆள் தாண்டிப் போகலாம். துரை எழுதின வரியை நாங்கள் மீறவில்லை. குழிகளுக்கு நடுவே, செதுக்கின தரையில் கன்று நட்டார்கள். நடுவதற்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஆள் வேண்டுமே. மூன்று மைலுக்குள் முருகையனைத் தவிர யார் இருக்கிறார்கள்? கூலி நாங்கள்தான் கொடுத்தோம். தன் வீட்டுக்கு வந்த ரோட்டில் அவனே மரம் வளர்த்தான். என் சர்வீசில் அவ்வளவு நன்றாகப் பிழைத்த கன்றுகளை நான் பார்த்ததில்லை. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. பட்டுப்போகவிட அவனுக்குத் தெரியவில்லை.

நான் ரிட்டயராகி வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டேன். வாசல் வரைக்கும் தார் ரோடு. நான் கேட்கவில்லை, மனுவும் போடவில்லை. கலெக்டர் ஆபீஸ் வந்தது, ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத் தார் வாசனை சரசுவுக்கு ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் வெகுநேரம் நின்றேன். ரோடு போடுகிறவர்கள் டீக்குக் காசு கொடுக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்தார்கள் போல, இரண்டு பேர் வந்து கேட்டார்கள். கொடுத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது குழி வெட்டின அந்த வருஷத்து ஐப்பசி மழை. மழை என்றால் மழை. மலையே கரைந்து டவுனுக்கு வந்துவிடும் என்று கோயில் யானை மேட்டுப்பக்கம் போய் நின்றுகொண்டது. நாலு நாள் கொட்டி நின்றதும் கன்றுகள் என்ன ஆயின என்று பார்க்க ரேஞ்சரும் நானும் நடந்து போனோம். கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுயரத்துக்குத் துளிர்விட்டு நின்றன. ரேஞ்சர் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

எல்லைக்கல் பக்கம் வரும்போது துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கடைசிக் குழி மழையில் நிறைந்து, நீளமான குளமாகக் கிடந்தது. அக்கரையில் ஒரு சப்பட்டைக் கல்லைப் போட்டு வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலை நேராகத் தண்ணீருக்குள் நீட்டியிருந்தாள். ஓடைக்கு நடக்க முடியாதவளுக்கு ஓடையை நாங்களே வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தோம். பக்கத்தில் ஒரு குவியல் துணி. அவள் எங்களைப் பார்க்கவில்லை. சோப்பு நுரை காற்றில் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. அதோடு ஒரு சட்டையும் நழுவி, கைகளை விரித்துக்கொண்டு மெதுவாக மிதந்து வந்து, ரேஞ்சரின் பூட்சுக்குக் கீழே கரையில் முட்டி நின்றது. காலர் கிழிந்த, முருகையனுடைய சட்டை.

ரேஞ்சர் குனிந்து அதை எடுத்தார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "யாரு... நீங்களா சார்!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்து, கால் வராமல் அப்படியே உட்கார்ந்து, ஈரக் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். எறிந்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்தான். அவர் எறியவில்லை. சட்டையை இரண்டு கைகளாலும் ஒருமுறை பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார். இனிப் பிழிய அதில் தண்ணீர் இல்லை. அவள் நீட்டிய கையை மடக்காமல் வைத்திருந்தாள். எங்கள் இரண்டு கரைகளுக்கும் நடுவே வெள்ளையாக நுரை மிதந்துகொண்டிருந்தது.